பொறுமைக்குத் தெரிந்த ஐந்து பதில்கள்

அலுவலகத்தில் அவருக்குப் பொறுமை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதை அங்கே யாரும் வாயால் சொன்னதில்லை. 'பொறுமை வந்துட்டாரா', 'இந்தக் கேஸைப் பொறுமைகிட்ட தள்ளி விடு' என்பதுதான் பேச்சு. வேலை அப்படிப்பட்டது. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுத இணையம் வழியாகக் கற்றுத் தரும் கம்பெனி அது. பாடம் நடத்துகிறவர்கள் பளிச்சென்று சட்டை போட்டு, சிரித்த முகத்தோடு வீடியோ எடுத்து ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அதைப் பார்த்துத் தன் வீட்டில் செய்து பார்த்து, செய்தது ஓடாமல், திரை முழுக்கச் சிவப்பு எழுத்தாக வந்து, அழுகை முட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் பொறுமை.

அவர்கள் வருவதும் எழுத்தாகத்தான். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். 'வரல' என்று ஒரு சொல் வந்து விழும். என்ன வரவில்லை, எங்கே வரவில்லை, கடைசியாக எதைத் தொட்டார்கள், ஒன்றும் இருக்காது. டாக்டரிடம் போய் 'வலிக்குது' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிற நோயாளி மாதிரிதான். அங்கிருந்து சிக்கை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியது பொறுமையின் பாடு. ஒருவர் அடைப்புக்குறியைத் திறந்து வைத்துவிட்டு மூடாமல் போயிருப்பார். ஒருவர் ஃபோனில் வந்ததை அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார். அதிலுள்ள வளைந்த மேற்கோள் குறிகள் கம்ப்யூட்டருக்கு ஆகவே ஆகாது. ஒருவர் ஃபைலை ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு இன்னொரு ஃபோல்டரில் நின்றுகொண்டு காணோம் காணோம் என்று தேடுவார். பாதிப் பேர், திருத்தியதைச் சேமிக்காமலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய தப்பே திரும்பத் திரும்ப வருகிறதே என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். அதனால் யார் வந்தாலும் பொறுமை கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். 'கோவிச்சுக்காம சொல்லுங்க, ஃபைலை சேவ் பண்ணீங்களா?'

அந்த 'கோவிச்சுக்காம சொல்லுங்க' மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு. மற்றதெல்லாம் கம்பெனி எழுதிக் கொடுத்த வரிகள். வணக்கத்துக்கு ஒரு வரி, காத்திருக்கச் சொல்ல ஒரு வரி, எதிராளி திட்டினால் பதிலுக்குக் குழைய ஒரு வரி. முடிக்கும்போது 'இன்னும் வேறு ஏதாவது உதவி வேண்டுமா?' என்று கேட்காமல் பெட்டியை மூடக் கூடாது. வேண்டாம், நன்றி என்று அவர்கள் சொன்னதும் நட்சத்திரம் போடும் கட்டம் வரும். ஐந்து விழுந்தால் பிழைத்தார். இரண்டு மூன்று என்று விழுந்தால் டீம் லீடர் கூப்பிட்டு உட்கார வைப்பார். உதவியாளர்கள் எழுதும் ஒவ்வொரு எழுத்தையும் படிப்பதுதான் டீம் லீடரின் வேலையே.

உட்கார்ந்திருக்கும் இடம் துணி ஒட்டிய மூன்று தடுப்புகள். ஜன்னல் கிடையாது. தலைக்கு மேல் ஏசி. அந்தக் காற்று பிடரியில் மட்டும் விழும். தண்ணீர் குடிக்க எழுந்தால் திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில், ஆள் இடத்தில் இல்லை என்று மஞ்சள் புள்ளி வந்துவிடும். அந்தப் புள்ளிக்குப் பயந்தே மனிதர் தாகத்தை மறந்தார். நாள் முழுக்க முகம் தெரியாத யார் யாருக்கோ இதமாகப் பேசிப் பேசி, சாயங்காலம் தடுப்பை விட்டு வெளியே வரும்போது உள்ளே ஒரு சொட்டுகூட மிச்சமிருக்காது. அந்த வெறும் மனிதர்தான் வீட்டுக்குப் போவார்.

வீட்டில் மனைவி. கல்யாணமான புதிதில் அவளை இவர் வாயாடி என்று கூப்பிடுவார். காரணம் இருந்தது. கதவைத் திறக்கும்போதே, வழியில் யாரைப் பார்த்தீர்கள், மதியம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது யார், அவர் மனைவிக்கு உடம்பு தேவலையா என்று ஆரம்பித்துவிடுவாள். இவரும் சளைக்காமல் சொல்வார். இரண்டு பேரும் வெளியே கிளம்பினால் தெருமுனை தாண்டியதும் நிறுத்தி, 'கோவிச்சுக்காம சொல்லு, கேஸ் அடுப்பை மூடினியா?' என்பார். அவள் முறைப்பாள். முறைத்துவிட்டு, சந்தேகம் வந்து, சாவியை வாங்கிக்கொண்டு ஓடுவாள். திரும்பி வரும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்காது. அந்தக் காலத்தில் வாங்கிய லேப்டாப்பில், பயனர் பெயர் கேட்ட இடத்தில், 'எங்க வாயாடி' என்று தமிழிலேயே அடித்து வைத்தவரும் இவர்தான்.

அப்புறம் இந்த வேலை வந்தது. கேள்விக்குப் பதில் சொல்வதே பிழைப்பாகிவிட்ட பிறகு, வீட்டில் ஒரு கேள்வி வந்தாலே அவருக்கு மேலே மஞ்சள் புள்ளி எரிவது போலிருந்தது. 'ம்' என்பார். ரொம்பக் கேட்டால் தலை வலிக்குது என்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று அவள் சண்டை போட்டாள். பிறகு அழுதாள். ஒருநாள், நீங்க அங்க சொல்லித் தர்றதை எனக்கும் சொல்லித் தாங்களேன் என்று ஆசையாகக் கேட்டாள். இப்ப அதுக்கு என்ன என்றார். அதோடு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். வீடு அமைதியாகிவிட்டதை அவர் நிம்மதி என்று நினைத்துக்கொண்டார். சில ஆண்களுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை, என்ன செய்ய.

இப்படி இருக்கும்போதுதான் பெட்டியில் 'புதுசு' வந்தது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் இஷ்டப்பட்ட பெயர் வைத்துக்கொள்ளலாம். அந்த ஆள் வைத்துக்கொண்ட பெயர் அது. மதியத்துக்கு மேல்தான் வரும். வந்தால் லேசில் போகாது. இங்கே ஏன் நாலு இடம் தள்ளி எழுத வேண்டும், இந்தப் புள்ளியை விட்டால் ஏன் இவ்வளவு கோபம், இதைக் கண்டுபிடித்த ஆளுக்கு வேறு வேலை இல்லையா என்று துளைத்து எடுக்கும். 'முன்பு பேசிய அதே உதவியாளர் வேண்டும்' என்று ஒரு பொத்தான் உண்டு. புதுசு அதை அமுக்கி அமுக்கி இவரிடமே வந்தது. பொறுமைக்கும் அது பிடித்துப்போயிற்று. தலைகீழாக நின்று யோசித்தாலும் வராத கேள்விகளை அது கேட்டது. அதற்குப் பதில் எழுதும்போது பிடரியில் விழும் காற்றுகூடத் தெரியவில்லை.

ஒருநாள் புதுசு ஒரு பாடத்துக்கான கருவியை நிறுவ முடியாமல் வந்தது. பாதியில் நின்றுவிடுகிறதாம். பொறுமை வழக்கம்போல் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். சிவப்பு எழுத்துகளுக்கு நடுவில், எந்த ஃபோல்டரில் தடுக்கி விழுந்தது என்பதைக் கம்ப்யூட்டர் காட்டியிருந்தது. அந்த வரியில் 'எங்க வாயாடி' என்று இருந்தது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னொரு தடவை படித்தார். கோளாறு என்னவென்று கண் தானாகப் பார்த்துவிட்டது: அந்தக் கருவிக்கு ஃபோல்டர் பெயரில் தமிழ் எழுத்தும் ஆகாது, நடுவில் இடைவெளியும் ஆகாது. ஆனால் விரல் நகரவில்லை. பீரோவின் மேல் துணி மூடிக் கிடந்த அந்த லேப்டாப்பை அவள் இறக்கியிருக்கிறாள். தனக்குத் தெரியாமல் படிக்கிறாள். இத்தனை நாளாக மதியம் தன்னோடு பேசிக்கொண்டிருந்தது அவள். திரையின் மேலே, பதில் சொல்ல எடுக்கும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. டீம் லீடர் படித்துக்கொண்டிருக்கலாம். அவர் கம்பெனி பாஷையிலேயே அடித்தார்: 'பழைய பயனர் பெயரில் இது ஓடாது. ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், புதிய பெயரில் ஒரு கணக்கைத் திறந்துகொள்ளுங்கள்.'

பழையதை அழிக்கணுமா என்று புதுசு கேட்டது.

'வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்' என்று எழுதினார்.

அன்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டார். உள்ளே நுழைந்ததும் கேட்டுவிடுவது, படிக்கிறியாமே என்று. படியேறும்போதும் அந்த வார்த்தை வாயில் இருந்தது. அவள் கதவைத் திறந்தாள். வழக்கத்துக்கு மாறாக அங்கேயே நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அவருக்கு வேறு கணக்கு ஓடியது. சொந்தப் பெண்டாட்டியை இத்தனை நாள் அடையாளம் தெரியாமல் பேசியிருக்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னபின் அவள் பெட்டிக்கு வருவதையே நிறுத்திவிட்டால்? அவருக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை அந்தப் புதுசுதான். என்ன, ஒரு மாதிரியா இருக்கீங்க என்றாள். தலை வலிக்குது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்கப்புறம்தான் விஷயம் முற்றியது. ஒரு மதியம் புதுசு தானாகவே சொன்னது. அக்கா வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாளாம். அங்கே பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தர ஆள் வேண்டுமாம். இந்தப் படிப்பின் சான்றிதழ் கையில் இருந்தால் வேலை உறுதி. மாசக் கடைசிக்குள் ஒரு புரோகிராம் சொந்தமாக எழுதிக் கொடுத்துவிட்டால் சான்றிதழ் வந்துவிடும், கிளம்பிவிடலாம்.

கம்பெனி வரி கண் முன்னே தயாராக நின்றது: 'உங்கள் முயற்சிக்கு வாழ்த்துகள்.' பொறுமை அதை அனுப்பாமல், 'குடும்பத்தோடு போகிறீர்களா?' என்று அடித்துவிட்டார்.

'தனியா' என்று வந்தது.

அரை மணி கழித்து டீம் லீடர் கூப்பிட்டு உட்கார வைத்தார். கற்றுக்கொள்ள வருகிறவர்களின் சொந்த விஷயத்தில் மூக்கை நுழைக்கலாமா, அதுவும் அந்தப் பக்கம் ஒரு பெண்ணாக இருந்தால், நாளைக்குப் புகார் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். இவ்வளவு சர்வீஸில் நீங்களா என்று வருத்தமும் பட்டார். பொறுமை என்ன சொல்வார்? அது என் மனைவி சார் என்றால், அதை அவளிடமே கேட்க வேண்டியதுதானே என்பார்கள். நியாயமான கேள்வி. இனிமேல் கவனமாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குள் வந்து உட்கார்ந்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் அவருக்கு இரட்டைத் தண்டனை. பெட்டிக்குள் அவளிடம் பேசலாம், எதையும் சொல்ல முடியாது. வீட்டில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், வாய் வராது. பெட்டியில் அவளுடைய ஒவ்வொரு தப்பையும் இவரே சரிசெய்து கொடுத்து, அவள் போகிற வழியை இவரே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒருவேளை நிற்பாள். அது அவருக்கே தெரியும். தினமும் படியேறும்போது அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு ஏறினார். கதவு திறந்ததும் மென்று விழுங்கினார்.

மாசக் கடைசி நெருங்கும்போது, அவள் எழுதிய சொந்தப் புரோகிராம் ஓடவில்லை என்று வந்தது. ஃபைலை அனுப்பியிருந்தாள். பொறுமை திறந்தார். சின்னப் புரோகிராம்தான். யார் எந்தக் கேள்வி கேட்டாலும், அது தன்னிடமுள்ள ஐந்து பதில்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துச் சொல்லும். ஐந்தையும் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். ம். சரி. அப்புறம் பாக்கலாம். இப்ப அதுக்கு என்ன. தலை வலிக்குது.

அவர் ஐந்தையும் மறுபடி ஒவ்வொன்றாகப் படித்தார். அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. ஆறாவது ஒன்று இருக்குமே என்று வீட்டில் தான் பேசியதையெல்லாம் நினைத்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

தப்பு என்னவென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. குருட்டாம்போக்கில் ஒன்றை எடுப்பதற்கு 'ராண்டம்' என்றொரு ஆயத்தக் கருவி உண்டு. அவள் தன் ஃபைலுக்கும் ராண்டம் என்றே பெயர் வைத்துவிட்டாள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை விழும் குழி இது. புரோகிராம் அந்தக் கருவியைத் தேடும். அதே பெயரில் பக்கத்திலேயே தான் கிடப்பதைப் பார்த்து, தன்னையே திறந்துகொண்டு, உள்ளே ஒன்றுமில்லாமல் விழித்துக்கொண்டு நிற்கும். ஃபைலின் பெயரை மாற்றினால் போதும், அடுத்த நிமிஷம் ஓடிவிடும்.

பொறுமை அதை எழுதவில்லை. 'எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முதலிலிருந்து மறுபடி நிறுவுங்கள்' என்று எழுதினார். இத்தனை வருஷத்தில் தெரிந்தே ஒரு தப்பான பதிலை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. 'இன்னும் வேறு ஏதாவது உதவி வேண்டுமா?' என்று அதற்கும் கீழே போட்டார். வேண்டாம், நன்றி என்று வந்தது. ஐந்து நட்சத்திரம் விழுந்தது.

மறுநாள் அதே சிவப்பு எழுத்தோடு வந்தாள். வைரஸ் தடுப்பானை அணைத்துவிட்டுப் பாருங்கள் என்றார். அதற்கடுத்த நாள் வேறொரு சுற்று வழி. வீட்டில் அவள் கண் சிவந்திருந்தது. சோற்றைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபைல் பேரை மாத்து என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? இவர் தலையைக் குனிந்து சாப்பிட்டு முடித்துப் போய்ப் படுத்துக்கொண்டார். பாவி மனுஷன் தூங்கவும் இல்லை.

கடைசி நாளன்று புதுசு வந்தது. கேள்வி எதுவும் இல்லை.

'கண்டுபிடிச்சிட்டேன். ஃபைலுக்கு வெச்ச பேர்தான். மாத்தினேன், ஓடிடுச்சு. அனுப்பியும் வெச்சுட்டேன்.'

அவர் வாழ்த்து வரியை அனுப்பினார். முடிக்கும் வரியையும் அனுப்பினார். வேண்டாம், நன்றி என்று வந்தது. மறுபடியும் ஐந்து. பின்னால் வந்த டீம் லீடர், பொறுமைக்கு யாரும் குறைச்சுப் போட மாட்டாங்க என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக் கதவைத் திறந்தபோது, வாசலருகே ஒரு பை இருந்தது. அவள் வெளியே போகிற புடவையில், செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். அக்கா ஊருக்கு பஸ் இருக்கிறது என்றாள். சாப்பாடு மூடி வைத்திருப்பதாகச் சொன்னாள். அவர் ஒரு ஷூவைக் கழற்றிய காலோடு அப்படியே நின்றார்.

"நீங்கதான்னு எனக்கு மொதல்லயே தெரியும்" என்றாள். "வேற வேற ஆளுங்க வந்தாங்க. அப்புறம் ஒருத்தர், கோவிச்சுக்காம சொல்லுங்கன்னு ஆரம்பிச்சார். இந்த உலகத்துல வேற யாரு அப்படிக் கேப்பா."

அவர் கழற்றிய ஷூவைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்தார்.

"படிக்கணும்னு கூட நான் அங்க சேரல. நான் கேட்டா நீங்க பதில் சொல்ற இடம் அது ஒண்ணுதான். லேப்டாப்புல நீங்க வெச்ச பேரு தெரியற மாதிரி படம் எடுத்து அனுப்பினேனே, அன்னிக்கு சாயங்காலம் வந்து ஏதாவது சொல்வீங்கன்னு இதே கதவுகிட்ட நின்னேன்."

அன்று தான் சொன்னது என்னவென்று அவருக்கு நினைவிருந்தது. அவளுக்கும் இருந்தது. அதனால் அதை இரண்டு பேரும் சொல்லவில்லை.

"ஃபைல் பேரு விஷயம் உங்களுக்குத் தெரியாம இருக்காது" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நான் போகக் கூடாதுன்னுதான் அப்படி சொன்னீங்க. அது புரிஞ்சப்போ எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. ஆனா அதையும் தப்பா ஒண்ணு சொல்லித்தான் உங்களால சொல்ல முடிஞ்சுது. அந்த நாளுக்கும் அஞ்சுதான் போட்டேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுல்ல."

அவள் பையை எடுக்கவில்லை. கையை மட்டும் அதன் மேல் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். நேரம் கொடுத்தாள் என்பது அவருக்கே தெரிந்தது. 'போகாதே' என்ற வார்த்தை எங்கேயோ உள்ளே இருந்தது. வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே நாள் முழுக்கச் சொன்ன வரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஏதாவது பேசியாக வேண்டும் என்று பதறி வாயைத் திறந்தார்.

"வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

அவள் கண் நிரம்பியது. உதட்டில் ஒரு சிரிப்பும் வந்தது. "இது ஆறாவது" என்றாள். "இதைச் சேர்க்காம விட்டுட்டேன்."

பிறகு, வேண்டாம், நன்றி என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவை அறையவில்லை. சத்தமில்லாமல் சேர்த்துச் சாத்திவிட்டுப் போனாள். படிகளில் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டே போய் நின்றது.

அவர் ஒரு காலில் ஷூவோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். இந்நேரம் தெருமுனைக்குப் போயிருப்பாள் என்று தோன்றியபோது, மெல்ல அடுப்படிக்குப் போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தார். மூடித்தான் இருந்தது.